தினமும் காலையில் ஒரு பேகல்: கணக்கு எங்கே உதைக்கிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். எடை குறைக்க முயலும் ஒருவர் தினமும் காலையில் ஒரு பேகலும் கிரீம் சீஸும் சாப்பிடுகிறார். அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் "அது அஞ்சு ஸ்லைஸ் பிரெட்டுக்குச் சமம், விஷம்" என்று சொல்லிவிட்டார், இன்னொருவர் "அதில் கொழுப்பே கிடையாது, தாராளமாகச் சாப்பிடு" என்கிறார். இதில் யார் சொல்வது சரி, முழுக் கோதுமைப் பேகலுக்கு மாறினால் போதுமா, சர்க்கரை நோய் உள்ள அப்பாவும் அதையே சாப்பிடலாமா? இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒன்று. பேகல் என்பது பிரெட். வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, மேலே பளபளப்பாக இருப்பதால் அதற்குத் தனியாக நல்ல குணமோ கெட்ட குணமோ வந்துவிடாது. ஆனால் ஒரு பேகலுக்குள் எவ்வளவு பிரெட் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அங்கேதான் கணக்கு உதைக்கிறது. பேகல் உடம்புக்கு நல்லதா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது "எத்தனை கிராம்?" என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. ஒன்று என்பார்கள். ஒன்று என்பது ஒரு அளவே இல்லை, 55 கிராமிலும் பேகல் இருக்கிறது, 140 கிராமிலும் இருக்கிறது.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணைப்படி எதுவும் சேர்க்காத வெள்ளைப் பேகல் ஒன்று, 105 கிராம் எடையுள்ளது, சுமார் 280 கலோரி. அதில் 55 கிராம் மாவுச்சத்து, 11 கிராம் புரதம், ஒன்றரை முதல் இரண்டு கிராம் கொழுப்பு, நார்ச்சத்து இரண்டரை கிராம்கூடத் தேறாது. சாதாரண வெள்ளை பிரெட்டின் ஒரு ஸ்லைஸ் 28 கிராம் இருக்கும், 75 கலோரி. இப்போது வகுத்துப் பாருங்கள், கிராமுக்குக் கிராம் இரண்டிலும் கலோரி ஏறத்தாழ ஒன்றுதான். 105 கிராம் பேகல் கிட்டத்தட்ட நான்கு ஸ்லைஸ், கடைகளில் கிடைக்கும் 130 கிராம் பேகல் ஐந்து ஸ்லைஸுக்குப் பக்கத்தில் வந்துவிடும், 350 கலோரி. ஆக அந்த நண்பர் சொன்ன ஐந்து ஸ்லைஸ் கணக்கு பெரிய பேகலுக்குப் பொருந்தும். விஷம் என்ற பகுதியை மட்டும் அவர் தன் கையிலிருந்து போட்டுக்கொண்டார். கொழுப்பே இல்லை என்றவர் சொன்னதும் ஏறக்குறைய உண்மைதான், ஆனால் கொழுப்பு இல்லாததால் கலோரியும் இல்லை என்று ஆகிவிடாது. காலையில் ஐந்து ஸ்லைஸ் பிரெட்டை அடுக்கி வைத்து உட்கார்ந்து சாப்பிடு என்றால் பலர் தயங்குவார்கள், அதே அளவை வளையமாகக் கொடுத்தால் நடந்துகொண்டே முடித்துவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு கனம் என்றால், செய்முறையே அப்படி. சாதாரண பிரெட் மாவில் 100 கிராம் மாவுக்கு 60, 65 கிராம் தண்ணீர் என்றால் பேகலுக்கு 50, 55 கிராம் அளவில்தான் ஊற்றுவார்கள், பிசையும்போதே கை வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கும். மாவும் புரதம் கூடுதலான வெள்ளைக் கோதுமை மாவு, 13, 14 சதவீதம் புரதம் உள்ளது. வளையமாக உருட்டி, பெரும்பாலும் ஒரு இரவு குளிரில் வைத்து மெதுவாகப் புளிக்கவிட்டு, மறுநாள் கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ போட்டு எடுப்பார்கள். அந்தக் கொதிநீரில் மேற்பரப்பில் உள்ள மாவுச்சத்து வெந்து ஒரு தோல் மாதிரி படிந்துவிடும். பிறகு அடுப்பில் வைக்கும்போது மாவு பிரெட் போல உப்பி எழ முடியாமல் அந்தத் தோலுக்குள்ளேயே அடங்கி நிற்கும். பல்லுக்கு வேலை கொடுக்கும் அந்த இழுவையும் மேல் பளபளப்பும் அப்படி வந்தவைதான். நியூயார்க் முறையில் தண்ணீரில் பார்லி மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் பாகு, சேர்ப்பது வழக்கம். கனடாவின் மான்ட்ரியல் நகர முறையில் தேன் கலந்த தண்ணீர், விறகு அடுப்பு, அளவும் சிறியது, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். மால்ட்டோ தேனோ ஒரு பேகலுக்கு ஒட்டுவது சொற்பம், அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. இன்னொரு விஷயம், ஆலையில் வரும் பேகல்களில் பல கொதிநீரைப் பார்த்ததே இல்லை, அடுப்பிலேயே ஆவி பாய்ச்சி முடித்துவிடுகிறார்கள், அதனால்தான் அவை பஞ்சு மாதிரி இருக்கின்றன. ருசியில் எனக்கு அது பேகலே இல்லை, ஆனால் சத்துக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது.

அளவு ஒரே நாளில் பெரிதாகிவிடவில்லை. போலந்தின் கிராகோவ் நகர யூத சமூகத்தின் 1610ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே பேகல் குறிப்பிடப்படுகிறது, அங்கிருந்து குடியேறியவர்களோடு வட அமெரிக்காவுக்குப் போனது. அங்கே வெகுகாலம் கையால் உருட்டிச் சுட்ட சிறிய பண்டம் அது. 1960களில் டேனியல் தாம்சன் உருவாக்கிய பேகல் இயந்திரமும், லெண்டர்ஸ் நிறுவனம் உறைய வைத்து விற்ற பேகல்களும் வந்தபிறகு எல்லா ஊருக்கும் பரவியது, பரவியபோது மென்மையாகவும் பெரிதாகவும் ஆனது. அமெரிக்க தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் உணவு அளவுகள் எப்படி வீங்கிவிட்டன என்று மக்களுக்குக் காட்ட ஒரு ஒப்பீடு வெளியிட்டது. அதன்படி இருபது ஆண்டுகளுக்கு முன் பேகல் 3 அங்குல விட்டம், 140 கலோரி, இப்போது 6 அங்குலம், 350 கலோரி. இந்த ஒப்பீடு வந்தே வெகுநாள் ஆகிவிட்டது, அதற்குப் பிறகு பேகல் சுருங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, கலோரியை விட்டுவிட்டு உள்ளே என்ன சத்து இருக்கிறது என்று பார்த்தால், ஆச்சரியமாகப் புரதம் மோசமில்லை. 11 கிராம் என்பது ஏறத்தாழ இரண்டு முட்டையில் இருப்பது. ஆனால் கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, அதனால் முட்டை, பால், பருப்பு வகை என்று ஏதாவது ஒன்று அன்றைய சாப்பாட்டில் இருந்தால்தான் அந்தப் புரதத்துக்கு முழு மதிப்பு. அதே வேளையில் சாப்பிட்டாக வேண்டும் என்றும் இல்லை, நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் போதும். நார்ச்சத்துதான் பெரிய ஓட்டை. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும் என்ற இடத்தில் 280 கலோரியைச் செலவழித்து இரண்டு கிராம் சொச்சம்தான் கிடைக்கிறது.

வைட்டமின் விஷயத்தில் பலரும் வெள்ளை மாவு என்றாலே வெறும் சக்கை என்று நினைக்கிறார்கள். முழுக்கச் சரியில்லை. அமெரிக்காவில் செறிவூட்டிய வெள்ளை மாவில் தயமின், ரிபோஃப்ளேவின், நியாசின், இரும்புச்சத்து சேர்க்கப்படுகிறது, 1998 முதல் ஃபோலிக் அமிலமும் கட்டாயம், 100 கிராம் மாவுக்கு 140 மைக்ரோகிராம். கருவில் உள்ள குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகளைத் தடுக்க வந்த விதி அது. முழுக் கோதுமை மாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், கர்ப்பமாகத் திட்டமிடும் ஒரு பெண்ணுக்கு ஃபோலிக் அமிலக் கணக்கில் வெள்ளைப் பேகல் முந்திவிடும் விநோதமும் நடக்கலாம். மெக்னீசியம், துத்தநாகம், நார் இவையெல்லாம் தவிட்டோடு போனது போனதுதான், திரும்பச் சேர்ப்பதில்லை. நாட்டுக்கு நாடு விதி மாறும், லேபிளில் "செறிவூட்டப்பட்டது" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

லேபிளைப் பார்க்கும்போதே இன்னொன்றும் பாருங்கள், பொட்டாசியம் புரோமேட். மாவுக்கு வலு கொடுக்கச் சேர்க்கும் பொருள், அதிகப் புரத மாவுகளில், குறிப்பாகப் பேகலுக்கும் பீட்சாவுக்கும் போகும் அமெரிக்க மாவுகளில், இதைப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், கனடா, இந்தியா எல்லாம் தடை செய்துவிட்டன. கலிஃபோர்னியா 2023இல் சட்டம் போட்டு 2027 முதல் அங்கே விற்கும் உணவில் இதற்குத் தடை விதித்தது. நன்றாகச் சுட்டால் பெரும்பகுதி புரோமைடாக மாறிவிடும் என்பது உண்மை, ஆனால் புரோமேட் இல்லாத மாவிலேயே அருமையான பேகல் செய்ய முடியும்போது இதற்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை.

உப்பு. 105 கிராம் பேகலில் 450 முதல் 550 மில்லிகிராம் சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, ஆக நாளின் கால் பங்கு காலையிலேயே முடிந்தது. நாக்குக்கு உப்பாகவே தெரியாது என்பதுதான் பிரெட் வகைகளின் சிக்கல். மேலே கல்லுப்பு தூவியதை எடுத்தால் இன்னும் ஏறும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கலோரியைவிட இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி மேலே தடவும் விஷயத்துக்கு வருவோம், உங்கள் கேள்வியில் பெரிய பங்கு இதற்குத்தான். கிரீம் சீஸைப் பலர் பெயரைப் பார்த்துப் புரத உணவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க விதிப்படி கிரீம் சீஸ் என்று விற்க வேண்டுமானால் குறைந்தது 33 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், ஈரப்பதம் 55 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அப்படியானால் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 28 கிராமுக்கு, அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்கு, சுமார் 100 கலோரி, 10 கிராம் கொழுப்பு, அதில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தரை முதல் ஆறு கிராம், புரதம் இரண்டு கிராமுக்குள். கால்சியமும் மற்ற சீஸ்களை ஒப்பிட்டால் சொற்பம். சத்தைப் பார்த்தால் சீஸைவிட வெண்ணெய்க்குத்தான் இது நெருங்கிய சொந்தம். அந்த 28 கிராமும் ஒழுங்காக அளந்து தடவினால்தான். கடையில் கத்தியால் அள்ளி அப்புவது அதைப் போல இரண்டு மடங்கு சர்வ சாதாரணம், இரண்டு பாதியையும் சேர்த்து மூடும்போது பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வரும் பாருங்கள், அது 55, 60 கிராமுக்குக் குறையாது. அதாவது 200 கலோரி, 11, 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாளைக்கு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொது அறிவுரை, காலை எட்டு மணிக்கே பாதி காலி. கொழுப்பு குறைவாக வேண்டுமென்றால் நியூஷாடெல் என்று ஒரு வகை இருக்கிறது, சுவை கிட்டத்தட்ட அதேதான், பால் கொழுப்பு 20 முதல் 33 சதவீதத்துக்குள்.

இப்போது உங்கள் காலை உணவை எழுதிப் பார்ப்போம். 130 கிராம் பேகல், கடைக்காரர் கையால் தடவிய கிரீம் சீஸ், மொத்தம் 550 கலோரி, புரதம் 17 கிராம் சொச்சம். அதனோடு சர்க்கரை போட்ட பெரிய லாட்டே ஒன்று இருந்தால் 700ஐத் தாண்டும். எடை குறைக்க 1500 கலோரிக்குள் இருக்கப் பார்க்கும் ஒருவருக்கு இது பாதி நாள் சாப்பாடு, அதிலும் பதினொரு மணிக்கே திரும்பப் பசிக்கும். அதே பேகலில் பாதியை மட்டும் எடுத்து, இரண்டு முட்டையை எண்ணெய் அதிகமில்லாமல் வேகவைத்தோ பொரித்தோ வைத்து, தக்காளியும் வெங்காயமும் கீரை இலையும் அடுக்கினால் 320 கலோரி சுமார், புரதம் 19 கிராம் பக்கம். கலோரி 200க்கு மேல் குறைகிறது, புரதம் கூடுகிறது, பேகலும் தட்டில் இருக்கிறது. எடை குறைப்பில் நான் எதையும் முற்றாக நிறுத்தச் சொல்வதில்லை, நிறுத்தச் சொன்னால் பத்து நாள் நிறுத்திவிட்டு பதினோராவது நாள் இரண்டாகச் சாப்பிடுவார்கள்.

முட்டை பிடிக்காதவர்களுக்குக் கெட்டித் தயிர், காட்டேஜ் சீஸ், ஹம்மஸ் (கொண்டைக்கடலை மசியல்), டூனா மீன் என்று வழி நிறைய இருக்கிறது. வேர்க்கடலை வெண்ணெய் நல்லதுதான், ஏழெட்டு கிராம் புரதம் கிடைக்கும், ஆனால் இரண்டு மேசைக்கரண்டி 190 கலோரி, கரண்டியைத் தலைதட்டி அளக்காவிட்டால் கிரீம் சீஸ் கதைதான் திரும்பவும். ஸ்மோக்டு சால்மன் பேகலின் பழைய கூட்டாளி, புரதமும் ஒமேகா 3யும் உண்டு, ஆனால் உப்பில் ஊறியது, 50, 60 கிராம் வைத்தால் பேகலில் இருக்கும் சோடியம் அளவுக்கே இன்னொரு பங்கு சேர்ந்துவிடலாம். கர்ப்பிணிகள் குளிர்பதனத்தில் வைத்து விற்கும் ஸ்மோக்டு மீனைச் சூடாகச் சமைக்காமல் சாப்பிடக்கூடாது, லிஸ்டீரியா தொற்று அபாயம் உண்டு.

உள்ளே இருக்கும் மென்மையான பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டு வெளித் தோலை மட்டும் சாப்பிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. குறைகிறது என்பது சரிதான், எவ்வளவு எடையைத் தோண்டினீர்களோ அந்த அளவு கலோரியும் மாவுச்சத்தும் போகும். ஆனால் தோண்டிய பள்ளத்தில் முன்பைவிட அதிகமாகக் கிரீம் சீஸ் போய் உட்காரும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை எடுத்து வைப்பது எளிது, வீணும் ஆகாது. மெல்லியதாகத் தட்டையாகச் செய்த பேகல்களும் கிடைக்கின்றன, ஒன்று 110 கலோரி அளவில் வரும், நார்ச்சத்தும் சில வகைகளில் ஐந்து கிராம் இருக்கும். அந்த இழுவையான மெல்லும் சுகம் இருக்காது, சாண்ட்விச்சுக்கு ஓகே.

முழுக் கோதுமைக்கு மாறினால் போதுமா என்றால், எதற்குப் போதுமா என்பதைப் பொறுத்தது. கலோரி குறையும் என்று நினைத்து மாறினால் ஏமாற்றம்தான், ஒரே எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நார்ச்சத்துக்காக மாறினால் நல்ல முடிவு, உண்மையான முழுக் கோதுமைப் பேகலில் ஆறேழு கிராம் வரை கிடைக்கும், வயிறு கூடுதல் நேரம் நிறைந்திருக்கும், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் உதவும். "உண்மையான" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பழுப்பு நிறம் எதற்கும் சாட்சி ஆகாது. கேரமல் நிறமும் வெல்லப்பாகும் சேர்த்த வெள்ளை மாவுப் பேகல்கள் பம்பர்னிக்கல் (கருப்பு நிற ரை தானிய பிரெட்) என்றும் மல்டிகிரெயின் என்றும் பெயர் வைத்துக்கொண்டு அலைகின்றன. மல்டிகிரெயின் என்றால் பல தானியம் என்பது மட்டுமே, அந்தத் தானியங்கள் முழுதாக இருக்கின்றனவா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. பொருட்கள் பட்டியலில் முதலில் முழுக் கோதுமை மாவு என்று இருக்க வேண்டும், அதன் பிறகு மொத்த மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுத்துப் பாருங்கள், பத்தோ அதற்குக் கீழோ வந்தால் வாங்கலாம். வெள்ளைப் பேகலுக்கு இந்தக் கணக்கு 23 பக்கம் வரும், நல்ல முழுக் கோதுமைப் பேகலுக்கு ஏழு, எட்டு. திராட்சை இலவங்கப்பட்டை, புளூபெர்ரி வகைகளில் சர்க்கரை தனியாகச் சேர்த்திருக்கும், சில சமயம் அந்த புளூபெர்ரியே வெறும் நிறமும் சர்க்கரையும்தான். குளூட்டன் இல்லாத பேகல், கோதுமையில் உள்ள அந்தப் புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்காக வந்தது, அவர்களுக்கு அது அவசியம், மற்றவர்கள் ஆரோக்கியம் என்று நினைத்து அதற்கு மாற ஒரு காரணமும் இல்லை, பெரும்பாலும் அரிசி மாவும் மரவள்ளி மாவும்தான், புரதம் குறைந்துவிடும்.

எள், கசகசா, பூண்டு, வெங்காயம், உப்பு எல்லாம் தூவிய வகைதான் எனக்குப் பிடித்தது. விதைகளால் சத்து கொஞ்சம் கூடும், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. எள் ஒவ்வாமை உள்ளவர்கள் ஒரே தட்டில், ஒரே கத்தியில் வரும் வெறும் பேகலைக்கூட நம்பக்கூடாது, அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளையும் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக லேபிளில் போட்டாக வேண்டும். இரண்டாவது, வேலைக்கோ விளையாட்டுக்கோ போதைப்பொருள் பரிசோதனை இருக்கிறது என்றால் கசகசாவைத் தள்ளி வையுங்கள். விதையில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சிறுநீரில் தெரியும், கதை இல்லை. அமெரிக்க அரசுப் பணியாளர் பரிசோதனையில் வரம்பை ஒரு மில்லிலிட்டர் சிறுநீருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000க்கு 1998இல் உயர்த்தியதற்கே இது காரணம், அதற்குப் பிறகும் 2023இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் வீரர்களைக் கசகசா சாப்பிட வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

பேகல் பொருத்தமாக அமையும் இடமும் உண்டு. நீண்ட ஓட்டம், சைக்கிள் பயணம், இரண்டு மணி நேர விளையாட்டு இவற்றுக்கு முன் வேண்டியது மாவுச்சத்து அதிகமாகவும் நாரும் கொழுப்பும் குறைவாகவும் உள்ள உணவு, வயிற்றில் தங்காமல் போக வேண்டும். அதாவது வெள்ளைப் பேகலின் குறைகள் எல்லாம் அங்கே நிறைகள் ஆகிவிடுகின்றன. பயிற்சிக்கு ஒன்று முதல் நான்கு மணி நேரம் முன்பு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டச்சத்தில் உள்ள பொது அறிவுரை, 60 கிலோ உள்ளவருக்கு ஒரு பேகலும் கொஞ்சம் ஜாமும் அந்தக் கீழ் வரம்பைத் தாண்டிவிடும். எடை கூட வேண்டியவர்கள், பசியெடுக்காமல் கொஞ்சமாகச் சாப்பிடும் முதியவர்கள், வளரும் வயதில் நாள் முழுக்க ஓடி விளையாடும் பிள்ளைகள், இவர்களுக்கும் முழுப் பேகல் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்காருபவருக்கும் மாரத்தான் ஓடுபவருக்கும் ஒரே பேகல் ஒரே பதிலைக் கொடுக்காது.

பாதியைச் சேமித்து வைக்கும் வழி தெரியாமல்தான் பலர் முழுதையும் சாப்பிட்டுத் தீர்க்கிறார்கள். பேகல் ஒரே நாளில் கல்லாகிவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே குறுக்காக வெட்டி, பாதி பாதியாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், வேண்டும்போது ஒரு பாதியை நேராக டோஸ்டரில் போடலாம். உறைய வைத்து, பிறகு டோஸ்ட் செய்த வெள்ளை பிரெட் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைவாக ஏற்றுகிறது என்று சிறிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது, மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிமானத்துக்கு எளிதில் அகப்படாத வடிவத்துக்கு மாறுவதால். இதை நம்பி ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டுவிடாதீர்கள். டோஸ்ட் பொன்னிறத்தோடு போதும், கருக விட்டால் அக்ரிலமைடு என்ற வேண்டாத ரசாயனம் கூடும்.

கடைசியாக அப்பா. வெள்ளைப் பேகலின் கிளைசெமிக் இண்டெக்ஸ், அதாவது ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண், 72 அளவில் இருக்கிறது, 70க்கு மேல் என்றாலே உயர்ந்த வகை. முழுக் கோதுமைப் பேகல் கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் சர்வதேச அட்டவணையில் வெள்ளை பிரெட்டின் சராசரி 75, முழுக் கோதுமை பிரெட்டின் சராசரி 74. நைசாக அரைத்துவிட்டால் தவிடு இருந்தும் வேகம் குறைவதில்லை. முழுக் கோதுமை வேறு காரணங்களுக்காக நல்லது, ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை அளவுதான் எல்லாம். சர்க்கரை நோயாளிகளுக்கான உணவுக் கணக்கில் 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்கு என்று எடுப்பார்கள், பெரிய பேகலில் கால் பகுதிதான் ஒரு பங்கு. முழுதாகச் சாப்பிட்டால் நான்கு பங்கு, சிலருக்கு அது ஒரு வேளைக்கு அனுமதித்த மொத்த அளவு, அதோடு ஒரு கிளாஸ் ஜூஸும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அதற்காக அவர் பேகலைத் தொடவே கூடாது என்றில்லை. முட்டையையும் காய்கறியையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பேகலைக் கடைசியில் சாப்பிடச் சொல்லுங்கள், புரதமும் காய்கறியும் முன்னால் போனால் சர்க்கரை ஏறும் உச்சம் குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது. அவர் இன்சுலின் போடுகிறவர் என்றாலோ, உடம்பை இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர் என்றாலோ, தினமும் முழுப் பேகல் சாப்பிட்டவரைத் திடீரென்று கால் பேகலுக்கு இறக்காதீர்கள், மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்ப இருக்கும், சர்க்கரை கீழே விழுந்துவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அப்படி விழுந்துவிட்டால் அந்த நேரத்தில் கையில் பேகலைக் கொடுப்பதும் தவறு, அது மென்று செரிக்க நேரம் எடுக்கும், குளுக்கோஸோ ஜூஸோ 15 கிராம் சர்க்கரை அளவுக்குக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

மற்றபடி அவருக்கு எவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்பதை நானோ அட்டவணையோ சொல்வதைவிட வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டர் சரியாகச் சொல்லும். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது எண் 180க்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு, அவருடைய மருத்துவர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. முட்டையோடு பாதிப் பேகல் சாப்பிட்டு சில நாட்கள் அந்த எண் அடங்கி இருந்தால் வாரத்தில் இரண்டு, மூன்று நாள் அப்படியே தொடரலாம். தாண்டினால் கால் பேகலாக்கிப் பாருங்கள், அதற்கும் தாண்டினால் காலை வேளைக்குப் பேகல் வேண்டாம். பலருக்கு விடியற்காலையில்தான் உடம்பு இன்சுலினுக்குக் குறைவாக இணங்கும், அதே கால் பேகலை மதியச் சாப்பாட்டில் வைத்து ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.